எலக்ட்ரிக் கார் சார்ஜரில் எர்த் விளக்கு சிவப்பாக எரியுது: நியூட்ரலை லூப் அடிக்கலாமா?

காங்கேயம் தோட்டம் எழுதியது:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல தோட்டத்து வீடு. வீட்டுக்கு சிங்கிள் பேஸ் சர்வீஸ், கிணத்து மோட்டாருக்குத் தனியா மூணு பேஸ் விவசாய சர்வீஸ். மீட்டர் போர்டு வீட்டு முன்சுவத்துல இருக்குது. கார் நிக்கிற செட் அங்கிருந்து 45 மீட்டர் தள்ளி.

காரோட குடுத்தது 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர். செட்டுக்கு லைன் போடற வரைக்கும்னு வாசல் பக்கத்து 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டுல சொருகினா, பெட்டியில எர்த் விளக்கு சிவப்பா மின்னுது. சார்ஜ் ஏறமாட்டீங்குது. வந்து பார்த்த வயர்மேன், சாக்கெட்டுக்குள்ள நியூட்ரல்ல இருந்து எர்த் முள்ளுக்கு ஒரு துண்டு வயர் லூப் அடிச்சா விளக்கு பச்சைக்கு வந்துரும், எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்றோம்ங்கறார்.

கேக்கறது இதுதானுங்க. லூப் அடிக்கலாமா? செட்டுக்கு எத்தனை எம்எம் வயர் இழுக்கோணும்? மோட்டார் சர்வீஸ் செட்டுக்குப் பக்கத்துலயே இருக்குது, அதுல இருந்து எடுத்துக்கலாமா? தினமும் திருப்பூர் போய் வர 60 கிலோமீட்டர் ஓட்டம், இதுக்கு 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவத்துல நிலையா மாட்டற சார்ஜர்) வேணுமா?


நொய்யல் கரை எழுதியது:

லூப் மட்டும் வேண்டவே வேண்டாமுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இதை முதல்ல தடுத்து நிறுத்துங்க.

அந்த விளக்கு சும்மா எரியறதில்லை. சார்ஜர் பெட்டி, பேஸுக்கும் எர்த் முள்ளுக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட் இருக்குன்னு பார்க்குது. எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போயிருந்தா அங்கே முழு 230 கிடைக்கும். கிடைக்கலைன்னா, காரோட இரும்பு உடம்புக்கு மண்ணோட தொடர்பு இல்லைன்னு அர்த்தம். கார் நாலு ரப்பர் டயர்மேல நிக்குது. உள்ளே எங்காவது பேஸ் கசிஞ்சு பாடிக்கு வந்தா, அது மண்ணுக்குப் போக எர்த் வயரைத் தவிர வேற வழி கிடையாது. கதவைத் தொடற ஆள்தான் வழி.

நியூட்ரலை லூப் அடிச்சா பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். அதுக்கப்புறம் ரெண்டு விதத்துல உயிர் போகும்.

ஒண்ணு, நியூட்ரல் அறுந்தா. ஆடிக்காத்துக்குக் கம்பத்துல ஜாயிண்ட் விடறது நம்ம ஊர்ல புதுசில்லை. நியூட்ரல் விட்டதும், ஓடிட்டிருக்கிற ஃப்ரிட்ஜ், ஃபேன் வழியா வர்ற பேஸ் திரும்பிப் போக இடமில்லாம நியூட்ரல் வயர்லயே நிக்கும். அந்த நியூட்ரலைத்தான் நீங்க கார் பாடியோட சேர்த்து வெச்சிருக்கீங்க. சார்ஜ் ஓடலைன்னாலும் இதே கதிதான். சார்ஜர் பெட்டிக்குள்ள இருக்கிற ரிலே பேஸையும் நியூட்ரலையும் துண்டிக்கும், எர்த்தைத் துண்டிக்காது.

ரெண்டாவது, பேஸும் நியூட்ரலும் இடம் மாறினா. கம்பத்துல சர்வீஸ் வயரைக் கழட்டி மாட்டறப்ப மாறிப்போறது உண்டு. பல்பும் ஃபேனும் எந்த வித்தியாசமும் இல்லாம ஓடும், வீட்ல யாருக்கும் தெரியாது. ஆனா லூப் இருக்கிற சாக்கெட்டுல எர்த் முள்ளுல நேரா 230 வோல்ட் வந்து நிக்கும். பிளக்கைச் சொருகின நொடியிலிருந்து கார் முழுக்க மின்சாரம்.

இப்ப செய்ய வேண்டியது. டிஜிட்டல் மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவுல வெச்சு அந்த சாக்கெட்டுல மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க. கரண்ட் இருக்கிற சாக்கெட்டுல அளக்கறது, பழக்கமில்லாதவங்க கை வைக்கற வேலை இல்லை. பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். சரியான சாக்கெட்டுல முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா, 220–240க்குள்ள இருக்கும். மூணாவது ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. பேஸ்–எர்த் பூஜ்யமும் நியூட்ரல்–எர்த் 230ம் காட்டினா பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கு. சில சார்ஜர் அதுக்கும் சிவப்பு காட்டும். பேஸ்–எர்த் 60, 90, 130 மாதிரி நடுவாந்திரமா வந்தா எர்த் வயர் எங்கயோ விட்டுப்போய்த் தொங்குது.

பல்பு வெச்சுப் பார்த்தோம், நல்லா எரியுதுன்னு சொன்னா நம்பாதீங்க. 100 வாட் குண்டு பல்பு எரியறப்ப அதோட தடை சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம் இருந்தாக்கூட பல்புக்கு 210 வோல்ட் கிடைச்சுரும். 5 ஓம் எர்த்துல 228 கிடைக்கும். கண்ணால பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது.


ஊத்துக்குளி எழுதியது:

ஒரு சந்தேகமுங்க. டிரான்ஸ்பார்மர்ல நியூட்ரலை எர்த் பண்ணித்தானே விட்டிருக்காங்க? அப்ப நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானே. வெளிநாட்டுல வீட்டு மெயின்லயே ரெண்டையும் சேர்க்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். சாக்கெட்டுல சேர்த்தா மட்டும் என்ன தப்பு?


நொய்யல் கரை எழுதியது:

நல்ல கேள்வி. டிரான்ஸ்பார்மர்ல நியூட்ரல் மண்ணோட சேர்ந்திருக்கிறது நிஜம். ஆனா உங்க சாக்கெட்டுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவுல எத்தனை கம்பம், எத்தனை ஜாயிண்ட், மீட்டர் டெர்மினல், ஃப்யூஸ் கட்டை, ஸ்விட்ச். அந்த நீளம் முழுக்க நியூட்ரல்ல கரண்ட் ஓடுது. ஓடற வயர்ல வோல்ட் விழும், சூடேறும், ஜாயிண்ட் தளரும், ஒருநாள் விடும். எர்த் வயர்ல சாதாரண நாள்ல கரண்டே ஓடாது. அதனாலதான் அது பாதுகாப்பு வயர்.

பிரிட்டன்ல வீட்டு மெயின்ல சேர்க்கறாங்க. அதுக்குன்னே போட்ட விநியோகக் கேபிள் அது, வழி நெடுக நியூட்ரலைப் பல இடத்துல மண்ணோட சேர்த்திருப்பாங்க. அப்படி இருந்தும், வெளியில நிக்கிற எலக்ட்ரிக் காருக்கு அந்த எர்த்தை அப்படியே குடுக்க அவங்க வயரிங் விதி விடறதில்லை. ஒண்ணு தனி எர்த் ராடு, இல்லைன்னா நியூட்ரல் விட்டதும் எர்த்தையும் சேர்த்துத் துண்டிக்கிற கருவி வேணும். வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜைத் தொடற ஆள் காஞ்ச தரையில நிக்கிறார். காரைத் தொடற ஆள் வெறுங்காலோட ஈர மண்ணுல நிக்கிறார். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவ்வளவு கண்டிப்பு.

இன்னொரு கேடும் இருக்குது. லூப்பும் போட்டு, எர்த் குழியும் போட்டு, ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா லைனைத் தானாக் கட் பண்ற கருவி) மாட்டினா, நியூட்ரல் கரண்ட்டுல ஒரு பங்கு எர்த் வழியாப் போகும். ஆர்சிசிபி நிக்கவே நிக்காது, ட்ரிப் ஆயிட்டே இருக்கும். அப்ப பல பேர் லூப்பைக் கழட்டாம ஆர்சிசிபியைக் கழட்டிடறாங்க. அதோட இருந்த ஒரே காவலும் போச்சு.


சோமனூர் வயரிங் எழுதியது:

லூப் விஷயத்துல மேல சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை. வயர் கணக்குக்கு வர்றேன்.

15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர் கிட்டத்தட்ட 14 ஆம்பியர் இழுக்கும். கீசரும் அவ்வளவு இழுக்கும், ஆனா அது பத்து நிமிஷத்துல கட்டாகிடும். கார் மணிக்கணக்கா விடாம இழுக்கும். அதனால கீசருக்குத் தாங்கின லைன் காருக்கும் தாங்கும்னு நெனைக்கக் கூடாது.

45 மீட்டருக்குப் போக வர 90 மீட்டர் காப்பர். 2.5 எம்எம் போட்டா 14 ஆம்பியர்ல 9 வோல்ட்டுக்கு மேல வயர்லயே விழும். 4 எம்எம்ல 6 வோல்ட் கிட்ட. 6 எம்எம்ல 4 வோல்ட். தோட்டத்துப் பக்கம் ராத்திரி லைனே 200, 205ல நிக்கிற இடமுண்டு. அதுல இன்னும் 9 வோல்ட் போனா சார்ஜர் அடிக்கடி நின்னு நின்னு ஓடும். என் கணக்குக்கு 6 எம்எம் போடுங்க. பின்னாடி 32 ஆம்பியர் வால்பாக்ஸ் நிச்சயம் வரும்னா இப்பவே 10 எம்எம். அதுல 32 ஆம்பியர் ஓடினாலும் இந்தத் தூரத்துக்கு 5 வோல்ட் சொச்சம்தான் விழும்.

காப்பர் விலை கட்டலைன்னா 10 எம்எம் அலுமினியம் ஆர்மர்டு கேபிள் (மேல இரும்புக் கவசம் சுத்தினது) போடலாம். அதோட தடை 6 எம்எம் காப்பரோட தடையேதான். ஆனா அலுமினியத்தை எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற ஸ்விட்ச்) வாயில நேரா வெச்சு முறுக்கக் கூடாது. பைமெட்டல் பின் லக் போட்டு, கிரிம்பிங் கருவியால நசுக்கித்தான் மாட்டோணும். அலுமினியம் அழுத்தத்துல கொஞ்சங்கொஞ்சமா நழுவும், காப்பரோட சேர்ற இடத்துல பூத்துப்போகும். ஆறு மாசத்துல ஜாயிண்ட் லூசாகிச் சூடேறும்.

மூணு கோர் கேபிளா எடுங்க. எர்த்துக்கும் அதே அளவு. மண்ணுல 75 சென்டிமீட்டர் ஆழம் வேணும். தோட்டத்துல டிராக்டர் கலப்பை, ஜேசிபி ரெண்டும் வரும். அடியில மணல், மேல மணல், அதுக்கு மேல செங்கல் வரிசை, அப்புறம் மண். கேபிள் போன தடத்துல ரெண்டு மூணு கல் நட்டு வைங்க.

மீட்டர் பக்கத்துல தனிப் பெட்டி. மெயின் ஸ்விட்சுக்கு அப்புறம் நேரா அதுக்கு லைன் எடுங்க, வீட்டு டிபிக்குள்ள (வீட்டு லைனெல்லாம் பிரியற பெட்டி) போய் எடுக்க வேண்டாம். பெட்டியில 20 ஆம்பியர் சி கர்வ் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துக் கட் பண்ற) எம்சிபி, அதோட 40 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. 32 ஆம்பியர் சார்ஜருக்குன்னா எம்சிபி 40. பெட்டியை மேக்கால வெயில் படற சுவத்துல மாட்டாதீங்க. எம்சிபியோட ஆம்பியர் கணக்கே 30 டிகிரி சூட்டுக்குப் போட்டது. சித்திரை வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள வெந்துட்டிருந்தா குறைஞ்ச கரண்ட்டுக்கே விழும். அதுக்குப் பயந்து பெரிய எம்சிபி போடறதுதான் அடுத்த தப்பு, அப்ப வயருக்குக் காவல் இல்லாமப் போயிரும்.

ஆர்சிசிபி வாங்கறப்ப முகப்புல இருக்கிற படத்தைப் பாருங்க. ஒத்தை அலைக்கோடு மட்டும் இருந்தா ஏசி டைப். அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலையும் போட்டிருந்தா ஏ டைப். காருக்கு ஏ டைப்தான் குறைஞ்சபட்சம். காருக்குள்ள ஏசியை டிசியா மாத்தற சார்ஜர் பழுதானா டிசி கசிவு வரும். டிசி கசிஞ்சா ஆர்சிசிபிக்குள்ள இருக்கிற காந்த வளையம் மரத்துப்போய், நிஜமா ஆள் மேல ஷாக் பாயறப்பவும் விழாது. 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிச்சு நிறுத்தற வசதி சார்ஜர் பெட்டியிலயே இருந்தா, ஏ டைப் ஆர்சிசிபி போதும். கையேட்டுல போட்டிருப்பாங்க. அது இல்லைன்னா பி டைப் வேணும், விலை பல மடங்கு. வீட்டு மெயின் ஆர்சிசிபிக்குக் கீழே கார் லைனைத் தொங்கவிடக் கூடாதுன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம். கார் கசிவு வீட்டு ஆர்சிசிபியையும் சேர்த்து மரத்துப்போக வெச்சுரும்.

இனி சாக்கெட். தீப்பிடிக்கிறது பல தடவை இங்கதான் ஆரம்பிக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சாக்கெட் உள்ளே பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துச்சுன்னு வைங்க. 14 ஆம்பியர்ல அந்த ஒரு புள்ளியில 20 வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்னை பிளக்குக்குள்ள வெச்சு ராத்திரி முழுக்க விட்ட மாதிரி. எம்சிபி விழாது, ஏன்னா கரண்ட் அதே 14 தான். ஆர்சிசிபியும் விழாது, கசிவு எதுவும் இல்லையே. ரெண்டு காவலும் இருந்தும் சாக்கெட் உருகும். அதனால பிளேட்டுல மாட்டற சாதா மாடுலர் 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டாம். சார்ஜர்ல சாதா மூணு முள் பிளக் இருந்தா, உலோகப் பெட்டியில வர்ற கனமான 20 ஆம்பியர் ஏ.சி. பாக்ஸ், உள்ளே பித்தளைப் பிடி கெட்டியா இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. இண்டஸ்ட்ரியல் நீலக்கலர் சாக்கெட் இன்னும் நல்லது. ஆனா அதுக்காக சார்ஜரோட பிளக்கை வெட்டி மாத்தாதீங்க, வாரண்டி போயிரும். சில பிளக்குக்குள்ள சூடு பார்க்கிற சென்சார் இருக்கும், அதுவும் போயிரும்.

சார்ஜர் பெட்டியை பிளக்குல தொங்கவிடக் கூடாது. அரைக்கிலோவோ ஒரு கிலோவோ இழுத்துட்டே இருந்தா பிளக் சாய்ஞ்சு மேல் முள் பிடி விடும். சுவத்துல ஆணி அடிச்சு ஒரு கொக்கி போட்டு பெட்டியை மாட்டுங்க.

பல இழை வயர்னா நுனியில ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்கி மாட்டுங்க. ரெண்டு இழையை வெட்டிட்டுத் திணிக்கிறது வேண்டாம். எம்சிபி ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கோணும்னு அதுமேலயே அச்சடிச்சிருப்பாங்க, பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் சுமார். ஒரு வாரம் சார்ஜ் போட்டப்புறம் மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒருதரம் திரும்ப முறுக்குங்க. சூடாகி ஆறி சூடாகி ஆறி முதல் வாரத்துலதான் தளரும்.

முதல் நாள் அரைமணி நேரம் ஓடினப்புறம் பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு சரி. கை வெச்சு எடுத்துடற மாதிரி இருந்தா நிறுத்திருங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா, வெளிச்சூட்டைவிட 30 டிகிரிக்கு மேல ஏறியிருந்தா அந்த சாக்கெட்டை மாத்துங்க.


காங்கேயம் தோட்டம் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்ணா. வேற ஒரு வயர்மேனை வெச்சு அளந்தாச்சுங்க. பேஸ்–நியூட்ரல் 226, பேஸ்–எர்த் 94, நியூட்ரல்–எர்த் 71. சாக்கெட்டைக் கழட்டிப் பார்த்தா எர்த் முள்ளுல பச்சை வயர் இருக்குது. போர்டுல அந்தப் பச்சை வயரெல்லாம் ஒண்ணாச் சேர்த்து முறுக்கிக் கிடக்குது, அங்கிருந்து வெளிய போன கம்பி மண்ணுக்கிட்ட துருப்பிடிச்சு அறுந்துருச்சு. புதுசாக் குழி போடலாம்னா இங்க மூணு அடிக்குக் கீழ சுக்கான் பாறை. போர்வெல் கேசிங் பைப்புல எர்த்தைக் கட்டிடலாம்ங்கறாங்க. சரிவருமா?


நொய்யல் கரை எழுதியது:

94ம் 71ம் நிஜ வோல்ட் இல்லை. அறுந்து தொங்கற வயர்ல பக்கத்து வயர்ல இருந்து தொத்திக்கிட்டு நிக்கிறது. எர்த் இல்லைங்கறது உறுதி. வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாமே இத்தனை நாளும் எர்த் இல்லாமத்தான் ஓடியிருக்கு. காரைவிட முதல்ல அதுக்காகவே இதைச் சரிபண்ணுங்க.

போர்வெல் கேசிங் வேண்டாம். இப்பப் போடறது பெரும்பாலும் பிவிசி கேசிங், அதுல கட்டறதும் கட்டாததும் ஒண்ணு. இரும்புக் கேசிங்னாலும் அது மோட்டாரோட சேர்ந்தது. மோட்டார் வைண்டிங் கருகி பேஸ் கேசிங்குக்கு வந்தா, அது உங்க எர்த் வயர் வழியா நேரா கார் பாடிக்கு வரும்.

குழிக்கு வருவோம். பைப் எர்த்துக்கு 40 எம்எம் ஜிஐ பைப், குறைஞ்சது 2.5 மீட்டர் நீளம். சுவத்துல இருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்கோணும். அந்தப் பைப்பை, ஓரளவு ஈரமுள்ள 100 ஓம்-மீட்டர் மண்ணுல இறக்கினா கணக்குப்படி 35 ஓம் கிடைக்கும். ஒரு பைப்புல ஒரு ஓம் கொண்டுவந்துட்டேன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. பாறையில இன்னும் மோசம். அதனால ரெண்டு மூணு ராடு போட்டு சேர்க்கறதுதான் வழி. ராடுக்கு ராடு 5 மீட்டர் இடைவெளி விடுங்க, அதாவது ராடு நீளத்துக்கு ரெண்டு மடங்கு. நெருக்கிப் போட்டா ரெண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கும், பலன் இருக்காது.

இடத்தை யோசிச்சுத் தேர்ந்தெடுங்க. தென்னை வட்டப்பாத்தி ஓரம், துணி துவைக்கிற கல்லுல இருந்து தண்ணி ஓடற வழி, தொட்டி வழியற இடம். வருஷம் முழுக்க ஈரமிருக்கிற மண்ணுல தடை பாதிக்குக் கீழ குறையும். சுக்கான் பாறையா இருந்தா 15 சென்டிமீட்டர் விட்டத்துக்குத் துளை போட்டு 3 மீட்டர் காப்பர் பாண்டட் ராடை இறக்கி, சுத்தி பென்டோனைட் களியைக் குழைச்சு ஊத்துங்க. ஒரு குழிக்கு 25 கிலோ மூட்டை ரெண்டு பிடிக்கும். உப்பும் கரியும் போடற பழைய முறையில முதல் வருஷம் அளவு நல்லா வரும். உப்பு மழையில கரைஞ்சு போயிரும், போறதுக்கு முன்னாடி ஜிஐ பைப்பையும் அரிச்சுட்டுப் போகும். உங்க கம்பி மண்ணுக்கிட்ட அறுந்ததுக்கு இது காரணமா இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அளக்கறதுக்கு எர்த் மெகர் (எர்த்தோட ஓம் தடையைக் காட்டற கருவி) வேணும். எர்த் கம்பியைப் போர்டுல இருந்து கழட்டிட்டு, மெயின் ஆஃப்ல வெச்சு அளக்கோணும். கரண்ட் ஆணியை 30 மீட்டர்ல அடிச்சா, வோல்ட் ஆணி அதே நேர்கோட்டுல 18, 19 மீட்டர்ல. அதை ரெண்டு மீட்டர் முன்னயும் பின்னயும் நகர்த்தியும் அளவு மாறாம இருந்தாத்தான் அந்த ஓம் சரி. பங்குனி, சித்திரையில அளக்கறதுதான் உண்மையான அளவு; ஐப்பசி மழையில அளந்து சந்தோஷப்பட்டுப் பிரயோசனமில்லை.

5 ஓம் வரலையேன்னு கவலைப்பட வேண்டாம். ஆர்சிசிபி இல்லாம 35 ஓம் எர்த்துல பேஸ் பாடிக்கு வந்தா ஓடற கரண்ட் 6.6 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதுக்கு அசையாது. கார் பாடி 230 வோல்ட்டுலயே நிக்கும். 10 ஓம்னாக்கூட 23 ஆம்பியர்தான், 20 எம்சிபி விழறதுக்கு மணிக்கணக்காகும், விழாமலே போகலாம். அதே 35 ஓம் எர்த்தோட ஆர்சிசிபி இருந்தா, 30 மில்லிஆம்பியர் கசிஞ்சதுமே கட். அப்ப பாடியில இருக்கிற வோல்ட் ஒண்ணு சொச்சம். ஆளைக் காப்பாத்தறது ஆர்சிசிபி, அது வேலை செய்ய எர்த் வேணும். ஒண்ணுக்கு ஒண்ணு பதிலாகாது.

செட்டுக்குப் பக்கத்துல ராடு போட்டாலும், கேபிளோட மூணாவது கோர் வழியா வீட்டு எர்த்தோட சேர்த்துருங்க. ரெண்டு தனித்தனி எர்த் இருந்தா, ஒரு கை வீட்டு லைன் ஃபோகஸ் லைட்டுலயும் ஒரு கை கார்லயும் இருக்கிற ஆளுக்கு நடுவுல வோல்ட் வித்தியாசம் வரும்.


ஊத்துக்குளி எழுதியது:

மோட்டார் சர்வீஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை, அதை நான் சொல்லிடறேன். எடுக்கக் கூடாதுங்க. விவசாயத்துக்குன்னு குடுத்த இணைப்புல வேற பயனுக்கு எடுக்கறது 2003 மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவுல வரும், விலைப்பட்டியல்ல ரெண்டு மடங்கு போட்டு வசூல் பண்ணுவாங்க. சட்டத்தை விடுங்க, காருக்கும் நல்லதில்லை. மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லைங்கறதால பல தோட்டத்துல அந்த நியூட்ரல் பெயருக்குத்தான் இருக்கும். டூ பேஸ் வர்ற நேரத்துல கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டற லைன்ல வோல்டேஜ் எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

வீட்டு சர்வீஸ்ல போடறதுக்குத் தடையில்லை. வீட்டுல, ஆபீஸ்ல இருக்கிற இணைப்புலயே சார்ஜ் பண்ணிக்கலாம்னு மத்திய மின் அமைச்சகத்தோட 2022 ஜனவரி வழிகாட்டு நெறிமுறையிலயே சொல்லிட்டாங்க. லோடு கூடினா மட்டும் ஈபி பிரிவு அலுவலகத்துல எழுதிக் குடுத்து ஏத்திக்கோணும்.

7.2 உங்களுக்கு வேண்டியதில்லை. 60 கிலோமீட்டருக்கு சுவத்துல இருந்து சுமார் 10 யூனிட் போதும். கார் திரையில கரண்ட்டைக் குறைக்கிற வசதி இருந்தா 10 ஆம்பியர் வைங்க. 2.3 கிலோவாட், நாலரை மணி நேரத்துல ஏறிடும். 14ஐ 10ஆக் குறைச்சா வயர்லயும் ஜாயிண்ட்லயும் சூடு பாதியாயிரும், ஏன்னா சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும். பத்து மணிக்குப் போட்டுட்டுத் தூங்கினா விடியறதுக்கு முன்ன முடிஞ்சுரும். பில்லுக்கு மட்டும் தயாரா இருங்க: மாசம் 25 நாள்னா ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் கூடும், மேல்படி விலைக்குப் போவீங்க.


ஆனைமலை அடிவாரம் எழுதியது:

எங்க பக்கம் மழை ஜாஸ்திங்க. நனையறப்ப கன்னை (சார்ஜர் வயர் நுனியில கார்ல சொருகற பிடி) மாட்டலாமா? இடி இடிக்கறப்ப?


சோமனூர் வயரிங் எழுதியது:

கன் பக்கம் பயப்பட வேண்டாம். மாட்டாத கன்னோட முள்ளுல 230 வோல்ட் இருக்கவே இருக்காது. சார்ஜர் முதல்ல 12 வோல்ட் சிக்னல் மட்டும் அனுப்பும். கார்ல மாட்டினா அது 9க்கு இறங்கும். கார் எல்லாம் சரின்னு சொன்னா 6க்கு இறங்கும். 6 வந்தப்புறம்தான் உள்ளே ரிலே சேர்ந்து கரண்ட் வரும். அதனால முதல்ல சுவத்துல சொருகி ஸ்விட்ச் போட்டு, அப்புறம் கார்ல மாட்டுங்க. எடுக்கறப்ப முதல்ல கார்ல நிறுத்தி கன்னைக் கழட்டி, அப்புறம் சுவர். சார்ஜ் ஓடறப்ப சுவத்துப் பிளக்கைப் பிடுங்கினா பொறி அடிச்சு முள் கருகும். அடுத்த தடவை அந்தக் கருகின இடம்தான் சூடேறும்.

மழையில ஆபத்து சுவத்துப் பக்கம்தான். சார்ஜர் பெட்டி தண்ணி புகாததா இருக்கலாம், அதோட பிளக் அப்படி இல்லை. சாக்கெட் சாரல் படாத இடத்துல, தரையில இருந்து ஒரு மீட்டருக்கு மேல இருக்கோணும். கன்னை மூடி போட்டு வாய் கீழ பார்த்த மாதிரி மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், 6 ஆம்பியர் கன்வெர்ட்டர் பிளக் ரெண்டும் எந்தக் காலத்துலயும் கூடாது. மத்திய மின்சார ஆணையத்தோட 2023 பாதுகாப்பு விதிமுறை சார்ஜிங் நிலையத்துக்கு எக்ஸ்டென்ஷன் கூடாது, ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி சர்க்யூட், ஏ டைப்புக்குக் குறையாத 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கார் நிக்கிற இடம் 5 மீட்டருக்குள்ளன்னு சொல்லுது. வீட்டுக்கும் அதையே அளவா வெச்சுக்கலாம்.

இடிக்கு, மீட்டர் பக்கத்துப் பெட்டியில டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போடுங்க. அது இடியை எர்த்துக்குத்தான் தள்ளும், எர்த் இல்லாத வீட்டுல வெறும் பொம்மை. கோடை மழைக்குக் கறுக்கறப்பவே கன்னையும் பிளக்கையும் கழட்டிடறது அதைவிட நிச்சயம். கூடவே ஒரு ஓவர்–அண்டர் வோல்டேஜ் ரிலே, மேல் எல்லை 270, கீழ் எல்லை 180, திரும்பச் சேர ஒரு நிமிஷம் தாமதம். கம்பத்துல நியூட்ரல் விட்டா சிங்கிள் பேஸ் வீட்டுக்கு 350, 400 வரைக்கும் ஏறலாம். 180ங்கறது பொதுவா வைக்கிறது, உங்க கார் கையேட்டுல போட்டிருக்கிற எல்லையைப் பார்த்து மாத்திக்குங்க.

ஜெனரேட்டர்ல போட்டா பல சார்ஜர் எர்த் சிவப்பு காட்டும். சின்ன ஜெனரேட்டர்ல நியூட்ரல் எர்த்தோட சேராம மிதக்கும், அதனால. இன்வெர்ட்டர்–பேட்டரியில போடவே வேண்டாம், 14 ஆம்பியர் தொடர்ந்து தர்ற அளவுக்கு சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசம் ஒருதரம், சார்ஜ் ஓடாதப்ப அழுத்துங்க, டக்குன்னு விழோணும். விழலைன்னா அன்னிக்கே மாத்துங்க, அதுவரைக்கும் காரை மாட்டாதீங்க. கம்பத்துலயோ மீட்டர்லயோ ஈபி ஆள் கை வெச்சுட்டுப் போனா, அந்த மூணு அளவையும் மறுபடி எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க.


காங்கேயம் தோட்டம் எழுதியது:

சரீங்ணா. 6 எம்எம் மூணு கோர் ஆர்மர்டு, தென்னைப் பாத்தி ஓரம் ரெண்டு ராடு, ஏ டைப் ஆர்சிசிபின்னு எழுதிக் குடுத்தாச்சு. வயர்மேன் ஆர்சிசிபியைச் செட்டுல சாக்கெட் பக்கத்துல வைக்கலாம்ங்கறார். அங்கயா, மீட்டர் பக்கமா?


சோமனூர் வயரிங் எழுதியது:

மீட்டர் பக்கமே வைங்க. அப்பத்தான் மண்ணுக்குள்ள போற 45 மீட்டர் கேபிளுக்கும் காவல் கிடைக்கும்; கலப்பை பட்டுக் கேபிள் தோல் உரிஞ்சாலும் விழுந்துரும். செட்டுல புழுதி, எலி, குளவிக்கூடு எல்லாம் வரும், அங்க ஒரு டபுள் போல் ஐசொலேட்டரும் (கையால கட் பண்ற ஸ்விட்ச்) சாக்கெட்டும் மட்டும் இருந்தாப் போதும். கேபிள் ஆர்மரை மீட்டர்ப் பெட்டி, செட் பெட்டி ரெண்டு பக்கமும் கிளாண்டு (கேபிளைப் பெட்டியில இறுக்கிப் பிடிக்கிற உலோக மூடி) போட்டு எர்த் பட்டையோட சேர்க்கச் சொல்லுங்க.